நீரூற்று என்று எழுதியிருந்தது

நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று படித்தவர்கள் பிற்காலத்தில் என் கல் யாட்டில் நாள் கூலிக்கு நின்றிருக்கிறார்கள். பேசாலைக் கரையில் மீன் ஐஸ் பெட்டியைத் தலையில் சுமந்து தொடங்கினேன். அந்தக் குளிர்த்தண்ணீர் வழிந்து வழிந்து என் உச்சி மயிர் இளந்தாரி வயதிலேயே கொட்டிவிட்டது. பிறகு லொறியில் சாமான் ஏற்றி இறக்கினேன், பிறகு லொறி ஓடினேன், பிறகு லொறியே என்னுடையதாயிற்று. சண்டை முடிந்து சனம் திரும்பி வரத் தொடங்கியபோது மன்னார்ப் பட்டணத்தில் சீமெந்துக் கல் அரிகிற யாட் நாலைந்து இருந்தன. கையால் தூக்கினால் மூலை உதிராத கல் என்னிடம் மட்டும்தான் இருந்தது. இன்றைக்கும் கேட்டுப் பார்க்கலாம்.

எழுத்து எனக்குச் சீமெந்துப் பையில் வந்தது. பையில் அச்சடித்திருந்ததை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்துப் பழகினேன். பிறகு பஸ் முகப்பு, பிறகு மதிலில் ஒட்டுகிற மரண அறிவித்தல். தெரியாத சொல் வந்தால் முன்னுக்குப் பின் பார்த்து ஊகித்துக்கொள்வேன். ஊகம் அநேகமாகச் சரிவரும். சரிவந்து சரிவந்து, பிழையாகும் என்ற எண்ணமே இல்லாமல் போயிற்று. எங்கள் ஒழுங்கை வீடுகளில் யாருக்கு அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடிதத்தைத் தூரப் பிடித்து, தொண்டையைச் செருமிவிட்டு வாசிப்பேன். சனசமூக நிலையத்துக்கு என்னைத் தலைவராகப் போட்டதும் அதனால்தான். எதிர்த்து நிற்க ஆள் இருக்கவில்லை.

எங்கள் ஒழுங்கைக்கு முன்னால் ஒரு வெறுங்காணி கிடந்தது. அரசாங்கக் காணி. சண்டைக்காலத்தில் அதில் ஆமிக்காரர் முகாம் போட்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகு மிதிவெடி பார்க்கிறவர்கள் வந்து மண்ணைச் சலித்துவிட்டு, பயமில்லை என்று பலகை நட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் காணியின் நடுவில்தான் ஊற்று இருந்தது.

மன்னார்த் தீவில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். குடிக்கிற தண்ணீர் வராது. அந்த ஒரு இடத்தில் மட்டும் இளநீர் போல வந்தது. கட்டு உடைந்து, தகரமும் மண்மூட்டையும் நிறைந்து கிடந்ததை ஒழுங்கைச் சனம் எல்லாரும் சேர்ந்து இறைத்துத் துப்புரவாக்கினோம். நாலு கொங்கிறீற் வளையம் என் யாட்டிலிருந்து கொண்டுவந்து இறக்கினேன். எவரிடமும் எதுவும் வாங்கவில்லை. வளையம் மண்ணுக்குள் இறங்கிவிட்டதால் மேலே கட்டு ஒன்றும் தெரியாது. மணலுக்குள் ஒரு வட்டம், அவ்வளவுதான். அதனால் அதைக் கிணறு என்று ஒருவரும் சொல்வதில்லை. "ஊத்துக்குப் போட்டு வாறன்" என்பார்கள்.

அந்தத் தண்ணீரில் பிழைத்தவர்களில் என் தங்கச்சியும் ஒருத்தி. பெருநிலத்தில் வயல்காரனுக்குக் கட்டிக் கொடுத்தோம். கடைசிச் சண்டையில் செல் குண்டு விழுந்து அவன் போய்விட்டான். முள்ளுக்கம்பி முகாமில் கிடந்து, இரண்டு பெண்பிள்ளைகளோடும் நிவாரணமாகக் கொடுத்த ஒரு தறப்பாளோடும் வந்து இறங்கினாள். என் வீட்டிலேயே இரு என்றேன். மாட்டேன் என்றாள். ஒழுங்கைக் கடைசியில் ஒரு துண்டுக் காணி பிடித்து, என் கல்லில் ஒரு அறை கட்டிக் கொடுத்தேன். விடியமுன் எழும்பி இடியப்பம் பிழிந்து பஸ் நிலையத்துக் கடைகளுக்குக் கொடுப்பாள். பஞ்சு போல இருக்கும். அவளுடைய இடியப்பத்துக்காகவே கொழும்பு பஸ் சாரதிமார் அந்தக் கடைகளில் நிறுத்துவார்கள்.

"கை ராசி இல்லை அண்ணை, தண்ணி ராசி. உப்புத் தண்ணியில மா குழைச்சா நூல் அறுந்து அறுந்து விழும். வாயில வச்சாக் கைக்கும்" என்பாள்.

இரண்டு மாரி இப்படிப் போயிற்று. அதற்குப் பிறகுதான் பூங்கா வந்தது.

வெளிநாட்டுக் காசில் பட்டணத்துக்கு ஒரு பூங்கா செய்யப் போகிறார்கள், அது அந்தக் காணியில்தான் வருகிறது என்று கேள்விப்பட்டோம். திட்டக் கந்தோரிலிருந்து ஒரு மிஸ் வந்தா. கண்ணியமான பிள்ளை. வெயிலில் குடை பிடிக்காமல் வீடு வீடாக நடந்தா. "இது உங்கட பூங்கா. என்ன வேணும், எங்க வேணும் எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும். நாங்கள் ஒண்டும் தீர்மானிக்க மாட்டம்" என்றா. முப்பது வருடத்தில் எங்களிடம் யாரும் என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. எழும்பு, போ, பதி, வரிசையில் நில் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அந்தக் கூட்டத்துக்கு எல்லாரும் வந்தார்கள். கடலுக்குப் போகாமல்கூட வந்தார்கள்.

கூட்டத்துக்கு முதல் நாள் ஒழுங்கைச் சனம் என் யாட்டில் கூடியது. ஊஞ்சல் வரட்டும், இருக்க வாங்கு வரட்டும், எது வந்தாலும் வரட்டும், ஊற்று இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தோம். "அதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லி அனுப்பினேன்.

காணியில் நிழலுக்குத் தறப்பாள் கட்டி, பாய் விரித்து, பாயில் பெரிய கடுதாசிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கடுதாசியிலும் ஒரு படம், படத்துக்குக் கீழே எழுத்து. ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை தந்தார்கள். எது முக்கியமோ அந்தப் படத்தில் கொட்டையை வைக்கவேண்டும். எழுதத் தெரியாதவர்களும் வாய் திறந்து பேசக் கூச்சப்படுகிறவர்களும் சொல்ல இது நல்ல வழி என்று மிஸ் சொன்னா. நல்ல வழிதான். எனக்கும் பிடித்தது.

ஊஞ்சல் தெரிந்தது. வாங்கு தெரிந்தது. மலசலகூடம், விளக்கு, வேலி, மரம், நடைபாதை எல்லாம் தெரிந்தன. ஒரு படம் மட்டும் விளங்கவில்லை. அச்சில் மை பற்றாமல் மங்கிப் போயிருந்தது. ஒரு வட்டம், வட்டத்துக்குள் நீலம், நடுவில் மேல்நோக்கிச் சில கோடுகள். சனம் அதைச் சுற்றி நின்று என்னைப் பார்த்தது. மிஸ் மற்றப் பக்கத்தில் நின்று பெண்களுக்கு ஊஞ்சலைப் பற்றி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தா.

நான் கண்ணாடியைப் போட்டேன். கடுதாசியைக் கையில் எடுத்துத் தூரப் பிடித்தேன். நீ, ரூ, ற், று. நீரூற்று. என் வாழ்நாளில் அந்தச் சொல்லை நான் அச்சில் கண்டதில்லை. ஆனால் ஊற்று எனக்குத் தெரியும். நீர் எனக்குத் தெரியும்.

"இது எங்கட ஊத்து" என்றேன்.

பக்கத்தில் தேநீர்க்கடை நானா நின்றார். மற்ற முஸ்லிம்களோடு புத்தளத்துக்குத் துரத்தப்பட்டு இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். பகிடிக்காரர். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தலைவர், இதில தண்ணி மேல பாயுதே. எங்கட ஊத்தில தண்ணி கீழயல்லோ கிடக்கு."

"அது ஊறிப் பொங்குறதைக் காட்டியிருக்கினம், நானா."

"அப்ப வாளி வேண்டாம். வாயைத் திறந்துகொண்டு நிண்டாக் காணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "உங்கட தேத்தண்ணியக் குடிச்சுத்தான் எங்களுக்குப் படமும் மங்கலாத் தெரியுது" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். பிறகு என் ஐந்து கொட்டையையும் அந்த வட்டத்தில் வைத்தேன். எனக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். நானாவும் வைத்தார். என் தங்கச்சி குனிந்து ஒவ்வொன்றாக வைத்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். படம் தெரியாமல் கொட்டை குவிந்தது. ஊஞ்சலில் நாலோ ஐந்தோ கிடந்தன.

மிஸ் வந்து பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டா. "எத்தனையோ ஊரில இந்தக் கூட்டம் வச்சனான். இவ்வளவு ஒற்றுமையா ஒரு இடத்திலயும் காணேல்லை" என்றா. தலைவர் என்று போட்ட இடத்தில் என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னா. என் கையெழுத்து வடிவானது. வளைத்து வைத்தேன். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது என் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

சில மாதம் கழித்துக் காணி முகப்பில் பெரிய பலகை வைத்தார்கள். பூங்கா எப்படி இருக்கும் என்று வண்ணத்தில் வரைந்திருந்தது. நடுவில், எங்கள் ஊற்று இருந்த இடத்தில், வெள்ளைத் தொட்டி. அதிலிருந்து தண்ணீர் குடை போல விரிந்து விழுந்தது. கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டல் வாசலில் நான் லொறியோடு நின்றபோது கண்ட சாமான். கீழே அதே எழுத்து. நீரூற்று.

நான் அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நானா கடைக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு திட்டக் கந்தோருக்குப் போனேன். மிஸ் கதிரை தந்தா.

"அந்தத் தொட்டியை வேறை இடத்துக்கு மாத்த வேணும்" என்றேன்.

"ஏன் ஐயா?"

"ஊத்து அந்த இடத்தில கிடக்கு."

"அதுதான் ஐயா வசதி. மோட்டரை ஊத்திலயே பூட்டலாம். புல்லுக்கும் அதிலயிருந்தே விடலாம்."

"மோட்டர் பூட்டேலாது. எங்கட தீவில நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல பாலாடை மாதிரிக் கிடக்கு. வாளியால அள்ளினா ஊறும். மோட்டரால இழுத்தா உப்பு மேல வரும். சனம் குடிக்கிற தண்ணி."

மிஸ் கோப்பைத் திறந்து பார்த்தா. அதில் கொட்டைகளை எண்ணி எழுதிய தாள் இருந்தது. என் கையெழுத்தும் இருந்தது. "ஐயா, காசு தாற ஆக்களுக்கு முக்கியம் மக்கள் தெரிவு. நீரூற்றுத்தான் முதலாவது எண்டு நீங்களே காட்டினீங்கள். மக்கள் கேட்டதை மாத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை." பிறகு பேனாவை வைத்துவிட்டுக் குரலைத் தணித்துக் கேட்டா: "குறை நினையாதேங்கோ. கூட்டத்தில படம் பிழையா விளங்கிப்போச்சோ? அப்படியெண்டா ஒரு கடிதம் தாங்கோ. தலைவர் எண்ட முறையில நீங்கள் எழுதினாக் காணும். நான் மேல அனுப்பிக் கூட்டத்தைத் திருப்பி வைப்பன். இப்ப எண்டா இன்னும் காலம் இருக்கு."

அந்த அறையில் இரண்டு பெடியன்கள் கணினிக்கு முன்னால் இருந்தார்கள். ஒருவன் திரும்பி என்னைப் பார்த்தான். எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்து ஒழுங்கைப் பெடியன். அவனுடைய தகப்பனுக்கு வந்த கடிதங்களும் நான் வாசித்துக் கொடுத்தவைதான்.

"எங்களுக்கு எல்லாம் விளங்கித்தான் வச்சனாங்கள்" என்றேன்.

எழும்பி வந்துவிட்டேன். ஒரு கடிதம். அதில் நான் எழுதவேண்டியிருந்தது ஒரு வரி. ஐஸ் சுமந்தேன், மூட்டை சுமந்தேன், செக்பொயின்ற்றில் வெயிலில் முழங்காலில் நின்றிருக்கிறேன். அந்த ஒரு வரி எனக்குப் பாரமாக இருந்தது.

வீட்டு வாசலில் தங்கச்சி காத்திருந்தாள். "என்னவாம் அண்ணை?"

"பாக்கினமாம்" என்றேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனாள்.

வேலை நடந்தது. கல் என் யாட்டுக் கல்தான், அதையும் மறைக்கவில்லை. சனத்தின் பங்களிப்பு வேண்டும் என்றதால் ஒழுங்கைச் சனம் சிரமதானத்துக்குப் போய்ப் பற்றை வெட்டியது, மண் நிரவியது. ஊற்றின் மேல் கொங்கிறீற் மூடி போட்டு, மோட்டரை இறக்கி, பூட்டுப் போட்டார்கள். தொட்டி கட்டினார்கள். திறப்பு விழாவில் பெரியவர்களோடு நின்று நானும் றிபனில் கை வைத்தேன். மோட்டரைப் போட்டதும் தண்ணீர் பனையளவுக்கு இல்லாவிட்டாலும் ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பியது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

தங்கச்சி எனக்குப் பின்னால் நின்றாள். மெல்லக் கேட்டாள்: "அது எங்கட தண்ணிதானே, அண்ணை?"

பூங்காவைக் கொண்டு நடத்த ஒரு குழு அமைத்தார்கள். அதற்கும் நான்தான் தலைவர். கட்டித் தந்தவர்களின் காசு கட்டுவதற்கு மட்டும்தான் வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. கரண்ட் யார் கட்டுவது, காவல்காரனுக்கு யார் கொடுப்பது, மோட்டர் பழுதானால் யார் பார்ப்பது என்று கேட்டால் அதற்குத்தான் குழு என்றார்கள். வாசலில் ரிக்கற் வைக்கச் சொன்னார்கள். தண்ணீர் அள்ளின காணிக்குள் போக ரிக்கற்றா என்று சனம் வரவில்லை. மூடியைத் திறந்து காலையில் ஒரு மணித்தியாலம் சனத்தைத் தண்ணீர் அள்ள விடுவோம் என்று குழுவில் தீர்மானம் போட்டேன். தீர்மானத்தைத் திட்டக் கந்தோருக்குக் கொண்டு போனேன். காணி அவர்கள் பொறுப்பில் இல்லை என்றார்கள். காணி பொறுப்பான கந்தோருக்குப் போனேன். பூங்கா இன்னும் தங்களிடம் கையளிக்கப்படவில்லை என்றார்கள். வாசல் திறக்கிற நேரத்தையும் பூட்டுகிற நேரத்தையும் நாங்கள் தீர்மானிக்கலாம். மூடியைத் தீர்மானிக்க முடியாது.

ஒரு மாரியும் ஒரு கோடையும் தண்ணீர் பாய்ந்தது. பிறகு தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படியத் தொடங்கியது. புல் கருகியது. நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. அதற்குப் பிறகு அந்த உப்பில் மோட்டர் கறள் பிடித்து நின்றுவிட்டது. நின்ற பிறகு ஒருவரையும் கேட்காமல் யாட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அலவாங்கு போட்டு மூடியைப் புரட்டினேன். என் நாலு வளையமும் அப்படியே இருந்தன. ஒரு வெடிப்பு இல்லை. தண்ணீரும் இருந்தது. நானா ஒரு வாளி அள்ளிக் கொண்டுபோய்க் கொதிக்க வைத்துத் தேநீர் ஊற்றினார். ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை மண்ணில் ஊற்றினார்.

"ஊறும், தலைவர். அல்லாஹ் நாடினா நாலு மாரியில இனிக்கும்" என்றார். என் கண்ணைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை.

மூடி போட்ட நாளிலிருந்தே தங்கச்சி, தண்ணீர் கொண்டுவருகிற பவுசருக்குக் காத்து நின்றாள். பவுசர் சில நாள் வரும், சில நாள் வராது. வந்தாலும் விடியமுன் வராது. இடியப்பம் விடியமுன் வேண்டும். முதல் நாள் பிடித்து வைத்த தண்ணீர் மூன்று பேர் குடிக்கவும் மாக் குழைக்கவும் காணாது. உப்புத் தண்ணீரும் கலந்து பிழிந்தாள். கடைக்காரர் முதலில் வழக்கம்போல எடுத்தார்கள். பிறகு குறைத்து எடுத்தார்கள். பிறகு வேறு ஆளிடம் எடுத்தார்கள். என் யாட்டுக் கணக்கில் பவுசர் எடுத்துத் தருகிறேன் என்றேன். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். எவரிடமும் ஒன்றும் வாங்காதவள். எங்கள் குடும்பத்து இரத்தம்.

ஒரு நாள் மடு மாதா கோயிலுக்குப் போய்வந்தாள். வந்து, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் பதிந்துவிட்டதாகச் சொன்னாள். பிள்ளைகளை என் மனைவியிடம் விட்டாள்.

காலைப் பஸ்ஸுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் நிலையத்தில் கழுதைகள் வாங்குகளுக்குக் கீழே படுத்திருந்தன. பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அப்போதுதான் சொன்னேன். ஆறு வருடமாக ஒருவருக்கும் சொல்லாததை.

"அண்டைக்குக் கூட்டத்தில, அந்தச் சொல்லு எனக்குத் தெரியாது, தங்கச்சி. ஊகிச்சுத்தான் சொன்னனான்."

"தெரியும் அண்ணை."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். நானா தண்ணி மேல பாயுது எண்டு சொன்னவர்தானே. அது ஊத்தில்லை எண்டு எனக்கு விளங்கிட்டுது."

"பிறகேன் அதில வச்சனீ?"

பஸ்ஸில் ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். அவள் பையை எடுத்துத் தோளில் போட்டாள். "அவ்வளவு சனத்துக்கு முன்னால, என்ர அண்ணை வாசிச்சது பிழை எண்டு நான் சொல்லுறதோ?" என்றாள். "கந்தோருக்குப் போனாப் பிறகாவது சொல்லுவீங்கள் எண்டு நினைச்சனான்."

ஏறி, யன்னல் பக்கத்தில் இருந்தாள். கையைக் காட்டவில்லை. பிள்ளைகளுக்குப் பேன் பார்க்கச் சொல்லவேண்டும் என்று மட்டும் யன்னலால் சொன்னாள்.

பஸ் போனதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. கடையில் ஒரு தாள் வாங்கி, அங்கேயே நின்று எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன். பூங்காக் கூட்டத்தில் நீரூற்று என்பதை ஊற்று என்று வாசித்துச் சனத்துக்குச் சொன்னவன் நான், சனம் கேட்டது ஊற்றை, பிழை என்னுடையது. கீழே வளைத்துக் கையெழுத்து வைத்தேன்.

திட்டக் கந்தோர் இருந்த கட்டடத்தில் இப்போது வேறு கந்தோர். அந்த மிஸ் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. மேசையில் இருந்தவர் கடிதத்தை வாசித்தார். திருப்பி ஒருமுறை வாசித்தார்.

"ஐயா, இந்தத் திட்டம் முடிஞ்சு கோப்பு மூடியாச்சு. இதை நான் எதில போடுறது?"

"போட வேண்டாம். வாங்கினது எண்டு முத்திரை மட்டும் குத்தித் தாங்கோ" என்றேன்.

குத்தித் தந்தார். மை காயும் வரைக்கும் அந்தக் கதிரையில் இருந்தேன்.